படிக்கப் போன இடத்தைப் பார்த்து வருதல்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவி)

முன்னுரை

"படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?"

இக்கேள்வியைத் தம் வீட்டில் ஒரு முறையேனும் கேளாத மாணவர் நம் கல்லூரியில் இருத்தல் அரிது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோர் இதை அடிக்கடி கேட்கிறோம். கேட்பவர்கள் மீது குற்றமில்லை. என் தாய் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குச் சென்று வாங்கும் கூலியில்தான் என் பதிவேடுகளும் தேர்வுக் கட்டணமும் வருகின்றன. ஆகவே ஒவ்வொரு ரூபாயும் படிப்புக்கே ஆக வேண்டும் என்று வீட்டார் எண்ணுவது நியாயமே.

எனினும் கேள்விக்குள் ஒரு முடிவு ஒளிந்துகொண்டிருக்கிறது. படிப்பு வேறு, ஊர் பார்த்தல் வேறு என்பதே அம்முடிவு. அது சரிதானா? அயல்நாடு சென்று படித்தவர்கள், படிப்பு முடியும் தறுவாயில், ஊர் திரும்பும் முன் கிடைத்த சில நாட்களை எவ்வாறு பயன்படுத்தினர்? அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத் தக்கது என்ன? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராயத் தூண்டிய நிகழ்ச்சி

சென்ற ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை. எங்கள் ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர் இங்கிலாந்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். இதே கல்லூரியில் நம் துறையில் பயின்றவர். உதவித்தொகை பெற்று, லண்டன் நகரில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தார். பாட நேரம் போக, விதி இடம் தரும் அளவில் வாரத்திற்கு 20 மணி நேரம் வேலை. எஞ்சிய நேரம் நூலகம். இவ்வாறே ஆண்டு கழிந்துவிட்டது.

"ஆய்வேட்டைக் கொடுத்துட்டேன். ஊருக்கு வர இன்னும் மூணு வாரம் இருக்கு. இந்த ஒரு வருஷத்துல தங்கின அறை, வகுப்பு, வேலை செய்யற கடை, இந்த மூணைத் தவிர நான் ஒண்ணும் பார்க்கலடி. அம்மா கிட்ட 'நாலு இடம் பாத்துட்டு வரேன்'னு சொன்னா, 'படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா'ன்னு கேக்கறாங்க. நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்கக்கா" என்றேன். அந்த இரண்டு நாட்களும் நம் கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்தவையே இக்கட்டுரையாக விரிந்துள்ளன.

காந்தியடிகள் கண்ட பாரீஸ்

அண்ணல் காந்தி சட்டம் பயில 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 18. கடல் கடந்து செல்லக் கூடாது என்று சாதியார் அவரை விலக்கி வைத்தனர். மது, மாமிசம், மாதர் இம்மூன்றையும் தொடேன் என்று தாயிடம் வாக்களித்துவிட்டே புறப்பட்டார். பணம் அனுப்பியவர் தமையனார்.

தமையனாரின் பணத்தில் வாழ்கிறோம் என்ற எண்ணம் அவரைக் கணக்கு எழுத வைத்தது. வண்டிச் சத்தம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த காசு வரை யாவற்றையும் எழுதி, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்ப்பார் என்று தம் வரலாற்றில் கூறுகிறார். பின்னர் வாரம் எட்டு ஷில்லிங் வாடகையில் ஒற்றை அறைக்கு மாறினார். நாள் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவை முடித்தார். வண்டியில் செல்வதை விட்டு நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அண்ணல் அதை அயல்நாட்டிலும் மறக்கவில்லை.

இத்துணைச் சிக்கனமாக வாழ்ந்தவர் ஊர் பார்க்கச் சென்றாரா என்றால், சென்றார். உலகப் பொருட்காட்சியைக் காண்பதற்காக ஏழு நாட்கள் பாரீஸில் தங்கினார். வழிகாட்டிக்குப் பணம் கொடாமல், நகரின் வரைபடத்தையும் பொருட்காட்சி வழிகாட்டி நூலையும் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே சுற்றினார். அப்பொருட்காட்சிக்காக 1889-இல் எழுப்பப்பட்ட ஈபெல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். அக்கோபுரத்தின் முதல் தட்டில் ஓர் உணவு விடுதி இருந்தது. "அவ்வளவு உயரத்தில் உணவு உண்டேன்" என்று சொல்லிக்கொள்ளும் ஆசைக்காக அங்கே ஏழு ஷில்லிங் செலவிட்டதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொள்கிறார். ஏழு ஷில்லிங் என்பது அவருடைய ஐந்து நாள் உணவுச் செலவினும் அதிகம் என்பதை நாம் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பல ஆண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்க்கும்போது பொருட்காட்சியில் அதன் பரப்பும் பலவகையுமன்றி வேறொன்றும் அவர் நினைவில் இல்லை. நோத்ர் தாம் முதலிய பழைய தேவாலயங்களின் அமைதியும் வேலைப்பாடுமே நினைவில் நின்றன. கோபுரத்தை ஒரு விளையாட்டுப் பொருளாகவே அவர் மதிப்பிட்டார். கூட்டம் எதைப் பார்க்கிறதோ அது மறந்துபோயிற்று. தாமே நின்று நிதானித்துப் பார்த்தது நிலைத்தது. இது நமக்குரிய முதற் பாடம்.

கடைசி வாரங்கள்

படிப்பு முடிந்த 1891-இல், ஊர் திரும்புவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னர், மே 6 அன்று போர்ட்ஸ்மத் என்னும் துறைமுக நகரில் நடைபெற்ற சைவ உணவாளர் மாநாட்டில் இந்தியாவின் உணவுகள் குறித்துக் கட்டுரை வாசித்தார். ஜூன் 5-ஆம் நாள் லண்டனில் ஒரு பெரிய உணவு விடுதியில் தம் நண்பர்களுக்குப் பிரிவு விருந்து அளித்தார். பேச எழுந்தவருக்குப் பேச்சு வரவில்லை; வந்தோர்க்கு நன்றி கூறி அமர்ந்துவிட்டார். ஜூன் 10-இல் வழக்கறிஞரானார், 11-இல் உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார், 12-இல் கப்பலேறினார்.

கடைசி வாரங்களில் அவர் செய்தவை இரண்டு என்று தொகுக்கலாம். தாம் அறிந்ததை அந்நாட்டாருக்குச் சொன்னார். பழகியவர்களிடம் முறையாக விடைபெற்றார். இடங்களைப் பார்ப்பதைப் போலவே இதுவும் தேவையானதே.

ஜூலையில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது ஒரு துயரச் செய்தி காத்திருந்தது. அன்னையார் முன்பே காலமாகிவிட்டார். அயல்நாட்டில் மகனுக்கு அதிர்ச்சி வேண்டாமென்று தமையனார் மறைத்து வைத்திருந்தார். வாக்குறுதிகளைக் காத்தேன், இன்னின்ன கண்டேன் என்று சொல்ல ஓடி வந்த மகனுக்குக் கேட்கத் தாய் இல்லை. இதைப் படித்தபோது நூலகத்தில் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வாய்ப்புக் கிட்டாதவர்கள்

கடைசி வாரங்கள் எல்லோருக்கும் இவ்வாறு அமைவதில்லை. நம் இராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. சைவ உணவுக்குத் தட்டுப்பாடு, கடுங்குளிர். 1917 முதல் மருத்துவமனைகளே அவருக்கு வீடாயின. பேராசிரியர் ஹார்டி வாடகைக் காரில் வந்து அதன் எண் 1729 சுவையற்றது என்று கூற, அது இரு முப்படிகளின் கூட்டலாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்று இராமானுஜன் விடையளித்த கதையை நாம் அறிவோம். (1729 = 1³ + 12³ = 9³ + 10³.) அக்கதையும் நோய்ப் படுக்கையில் நடந்ததே. 1919 பிப்ரவரி 27-இல் கப்பலேறி, மார்ச் 27-இல் பம்பாய் சேர்ந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 26-இல், தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

அண்ணல் அம்பேத்கர் பரோடா அரசின் உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க் சென்றார். அங்கிருந்து 1916-இல் லண்டன் வந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டுத் திரும்ப நேர்ந்தது. நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளைத் தேடித் தேடிச் சென்று வாங்கிச் சேர்த்த நூல்களில் பல வேறொரு கப்பலில் வந்தன. போர்க் காலமாதலால் அக்கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. பிற்பாடு மீண்டும் லண்டன் சென்று படிப்பை முடித்தார்.

இவ்விருவரையும் எண்ணும்போது ஒன்று புலனாகிறது. உடல் நலமும், கையில் மூன்று வாரமும், திரும்பி வர ஒரு வீடும் உள்ள ஒருவர் அறைக்குள் அடைந்து கிடப்பது தமக்குக் கிட்டிய பேற்றை வீணாக்குவதாகும்.

உலகம் சுற்றிய தமிழர்

பயணத்தையே பயனாக்கியவரும் நம்மிடையே உண்டு. கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் ஜப்பானிலும் பின்னர் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். நியூயார்க்கில் படிப்பு முடிந்ததும் நேரே ஊர் திரும்பாமல் அயர்லாந்து செல்லும் கப்பலில் ஏறினார். 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நடுக்கடலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு வரலாற்றுப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று அண்ணலின் பிறந்த நாள். அதற்காக உலகெங்கும் அலைந்து, பல நாட்டார் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் அப்படத்தை வெளியிட்டார். "உலகம் சுற்றும் தமிழன்" என்பது அவர் எழுதிய நூலின் பெயர். நாளடைவில் அவருக்கே அது பெயராயிற்று. படிப்பு முடிந்து வீடு சேரும் வரையுள்ள இடைவெளியில்தான் அவர் வாழ்வின் பெரும்பணி தோன்றியது என்பது நினைவு கொள்ளத் தக்கது.

அக்காவுக்கு எழுதிய பட்டியல்

இவற்றையெல்லாம் படித்தபின் அக்காவுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம், மூன்று இடம். ஒவ்வொன்றும் காலையில் சென்று இரவில் திரும்பத் தக்கது. கிரீன்விச் லண்டனுக்குள்ளேயே உள்ளது. கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் சுமார் ஒரு மணி நேர ரயில் தூரம். நாம் புத்தகத்தில் படித்த ஏதேனும் ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

முதல் வாரம் கிரீன்விச். 1675-இல் நிறுவப்பட்ட வானாய்வு நிலையம் அங்கே உள்ளது. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு அந்நிலையத்தின் வழியே செல்லும் கோட்டைப் பூஜ்ய தீர்க்கரேகையாக ஏற்றது. அக்கா அக்கோட்டின் இருபுறமும் கால் வைத்து நின்றபடி என்னை அழைத்தார். "நம்ம ஊருக்கும் இந்தக் கோட்டுக்கும் எவ்வளவு நேர வித்தியாசம், கணக்குப் போடு பார்க்கலாம்" என்றார்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். திருவண்ணாமலை கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 79.07 பாகையில் உள்ளது. பெருக்கினால் 316 நிமிடம். அதாவது 5 மணி 16 நிமிடம். ஆனால் நம் கடிகாரம் 82½ பாகைக் கோட்டை ஒட்டி 5 மணி 30 நிமிடம் முன்னே ஓடுகிறது. ஆகவே நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், கடிகாரம் 12 காட்டிச் சுமார் 14 நிமிடம் கழித்தே. உச்சி வெயிலில் களத்தில் நிற்கும் என் தாய் நிழலைப் பார்த்துச் சொல்லும் நண்பகலும், என் கைக்கடிகாரம் சொல்லும் நண்பகலும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. கோடையில் இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், அவர் அழைத்த அன்று எங்கள் இருவர் கடிகாரங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு நாலரை மணி நேரமே என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார்.

இரண்டாம் வாரம் கேம்பிரிட்ஜ். அங்கே டிரினிடி கல்லூரி. நியூட்டன் பயின்று, பணியாற்றிய கல்லூரி. இராமானுஜன் 1918-இல் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரி. அதன் ரென் நூலகத்தில்தான் 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இராமானுஜனின் கடைசிக் காலத்துத் தாள்களைக் கண்டெடுத்தார். "தொலைந்த நோட்டுப் புத்தகம்" என்று அவற்றை அழைக்கிறோம். பார்வையாளர் நேரம் குறைவு என்பதை முன்பே விசாரித்துக்கொண்டு சென்றதால் அக்கா நூலகத்தினுள் நுழைந்து பார்க்க முடிந்தது. "அந்த மண்டபத்துல யாரும் பேசறதில்ல. ஈரோட்டுல பிறந்து கும்பகோணத்துல படிச்ச ஒருத்தரோட கையெழுத்து இங்க பத்திரமா இருக்குன்னு நினைச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு" என்றார்.

கல்லறையில் கற்ற பாடம்

மூன்றாம் வாரம் ஆக்ஸ்போர்டு. அங்கே ஜி. யு. போப் அடிகளாரின் கல்லறை உள்ளது. 1839-இல் தமிழகம் வந்தவர். 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து 1908-இல் மறைந்தவர். மாணிக்கவாசகர் நம் திருவண்ணாமலையில் திருவெம்பாவை பாடியதாக மரபு கூறும். அப்பாடல்களை ஆங்கில உலகம் அறியச் செய்தவரை நம் ஊர்ப் பெண் ஒருத்தி போய்ப் பார்த்து வருவது கடமை என்று பட்டியலில் எழுதியிருந்தேன். அதோடு "அவர் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் படம் பிடித்து அனுப்புங்கள்" என்றும் எழுதினேன்.

அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பள்ளியில் பேச்சுப் போட்டியில் அவ்வரியைச் சொல்லி முடித்துத்தான் முதற் பரிசு பெற்றேன். தலைமையாசிரியரே கை தட்டினார். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

செயின்ட் செபல்கர் இடுகாட்டைத் தேடிக் கண்டுபிடித்து, கல்லின் முன் நின்று அக்கா அழைத்தார். "நீ சொன்னது இதுல இல்லடி" என்றார்.

"நல்லாப் பாருங்கக்கா" என்றேன்.

"ரெண்டு வாட்டி படிச்சுட்டேன். எழுத்து தெளிவாத்தான் இருக்கு. நீ சொன்ன வரி இல்ல" என்று கூறி, கல்லில் உள்ளதை வாசித்தார். அவர் பெயர், தென்னிந்தியாவில் பணிபுரிந்தது, ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தது, பிறந்த நாள், மறைந்த நாள் ஆகியன இருந்தன. அக்கல்லைக் குடும்பத்தாருடன் சேர்ந்து தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்பின் அடையாளமாக நாட்டினர் என்ற செய்தியும் இருந்தது. "தமிழ் மாணவன்" என்ற சொல் இல்லை.

எனக்குப் பெரிய ஏமாற்றம். வெட்கமும்தான். ஆனால் அன்றிரவு சிந்தித்தபோது வேறொன்று தோன்றிற்று. நாம் மேடைதோறும் கூறும் வரி அங்கே இல்லை; அதனினும் உயர்ந்த ஒன்று இருக்கிறது. கடலுக்கு இப்பால் இருந்த தமிழர்கள் அப்பாலிருந்த ஒருவருக்கு நினைவுக் கல் நாட்ட முன்வந்தார்கள் என்பது கற்பனையன்று, கல்லில் உள்ள உண்மை. இவ்வுண்மையை அக்கா அன்று அங்கே போயிராவிட்டால் நான் அறிந்திருக்க மாட்டேன். இன்னும் பத்து மேடைகளில் பழைய வரியையே சொல்லிக் கை தட்டல் வாங்கியிருப்பேன்.

ஆய்வகத்தில் நம் பேராசிரியர்கள் கூறுவது இதுவே அன்றோ? புத்தகத்தில் g-இன் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் நாம் தனி ஊசலைத் தொங்கவிட்டு, இருபது அலைவுகளை எண்ணி, நேரம் குறித்துக் கணக்கிடுகிறோம். ஏன்? கேட்டதைக் கண்ணால் சரிபார்த்தலே அறிவியல் என்பதால். அவ்வாறாயின் படித்த இடத்தை நேரில் சென்று பார்த்தல் ஊர் சுற்றல் ஆகாது; அது படிப்பின் செய்முறைப் பகுதி ஆகும்.

நமக்கு ஆவது என்ன?

"இதெல்லாம் லண்டன் போனவர்களுக்கு, திருவண்ணாமலையில் படிக்கும் நமக்கு என்ன?" என்று நண்பர்கள் கேட்கலாம். நம்மில் பலருக்குத் திருவண்ணாமலையே அயலூர்தான். பேருந்தில் வந்து இறங்கி, வகுப்பு முடிந்ததும் அதே பேருந்தில் திரும்புகிறோம். விடுதி மாணவருள் வெளி மாவட்டத்தார் பலர். மூன்று ஆண்டுகள் படித்து முடித்து, கோயிலும் கிரிவலப் பாதையும் அன்றி வேறொன்றும் காணாமல் ஊர் செல்பவர் எத்தனை பேர்! இறுதியாண்டுத் தேர்வுக்குப் பின் சான்றிதழ்களுக்காகக் காத்திருக்கும் வாரங்களே நமக்குரிய கடைசி வாரங்கள்.

கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் செஞ்சிக் கோட்டை. தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்தில் கேட்டிருக்கிறோம்; அவன் 1714-இல் போரில் மாண்டான். ஆயின் 1677-இல் சிவாஜி அக்கோட்டையைக் கைப்பற்றியதும், அவர் மகன் இராஜாராம் முகலாயரின் முற்றுகையை அங்கே பல்லாண்டு தாங்கியதும் நம்மில் பலர் அறியாதவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில், மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

மேற்கே செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள். தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் இவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரை காக்கும் போரில் பட்ட வீரனுடன் அவனது நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரை மறவாமல் கல்லில் எழுதி வைத்தது. அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் வரும் நாம் அதைப் பார்த்ததில்லை.

வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம். இங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது. 1988-இல் இங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு 4130 என்ற எண்ணும், இராமானுஜன் என்ற பெயரும் இட்டனர். அக்கா கேம்பிரிட்ஜில் தேடிச் சென்ற பெயர் நம் மலையிலேயே வானத்தில் எழுதப்பட்டிருக்கிறது!

சென்ற ஜனவரியில் நம் துறையினர் முன் அனுமதி பெற்று காவலூர் செல்ல ஏற்பாடு செய்தனர். பங்குத் தொகை 250 ரூபாய். கேட்டபோது என் தாய், "இன்னாடி, படிக்க அனுப்பினா ஊர் சுத்தக் காசு கேக்கற?" என்றார். நான் வாதாடவில்லை. போப் அடிகளாரின் கல்லைப் பற்றியும், நான் பரிசு வாங்கிய டம்ளரைப் பற்றியும் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு அரிசிப் பானையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, "போய்ட்டு வந்து எனக்கும் சொல்லணும்" என்றார்.

சென்று வந்தேன். சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியே வியாழனையும் அதன் அருகில் வரிசையாக நின்ற நான்கு துணைக்கோள்களையும் கண்டேன். மறுநாள் இரவு வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியும் அதே வியாழனைத் தாய்க்குக் காட்டினேன். "இத நான் நாத்து நட்ட காலத்திலேருந்து பாக்கறேன். பேரு மட்டும் தெரியாது" என்றார்.

கடைப்பிடிக்கத் தக்கவை

பெரியோர் வாழ்விலிருந்தும், அக்காவின் மூன்று பயணங்களிலிருந்தும் நான் தொகுத்துக்கொண்டவை வருமாறு:

1. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். பத்து இடம் ஓடிப் பார்த்தவர் நினைவில் பேருந்து நிலையங்களே மிஞ்சும்.

2. செல்லும் முன் அவ்விடத்தைப் பற்றி ஒரு நூலாவது படித்தல் வேண்டும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்தல் வேண்டும்.

3. இயன்ற வரை நடத்தல் வேண்டும். செலவை அன்றன்றே எழுதுதல் வேண்டும். கணக்கு இருந்தால் வீட்டார் முன் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

4. கேள்விப்பட்டதும் கண்டதும் வேறுபட்டால் கண்டதையே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

5. புறப்படும் முன், நமக்கு உதவியவர்களிடம் நேரில் சென்று விடைபெறுதல் வேண்டும்.

6. வீடு திரும்பியதும், அனுப்பி வைத்தவர்களுக்குக் கண்டதைச் சொல்லுதல் வேண்டும். அதைக் கேட்க அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

முடிவுரை

அக்கா செப்டம்பரில் ஊர் திரும்பினார். பெட்டியில் எனக்கென்று கொண்டு வந்தது ஒரு சிறு நோட்டுப் புத்தகம். அதில் மூன்று பயணங்களின் செலவுக் கணக்கு இடப்பக்கத்திலும், கண்டவை வலப்பக்கத்திலும் எழுதப்பட்டிருந்தன. அவருடைய தாயார் இடப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, அளவாத்தான் செலவு பண்ணியிருக்கா" என்றாராம். பிறகு வலப்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

இறுதியாண்டு அண்ணன்மார்களே, அக்காமார்களே! இன்னும் சில வாரங்களில் தாங்கள் இக்கல்லூரியை விட்டுச் செல்வீர்கள். செல்லும் முன் ஒரு நாளேனும் ஒதுக்கி, நாம் பாடத்தில் படித்த ஓர் இடத்தை நேரில் கண்டு வாருங்கள். "படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?" என்று வீட்டில் கேட்டால், "படித்தது சரிதானா என்று பார்க்கப் போனேன்" என்று அமைதியாக விடை கூறுங்கள். பின்னர் அவர்கள் அருகில் அமர்ந்து, கண்டதை முழுவதும் சொல்லுங்கள்.